கஞ்சா எந்தத் திசையில் போகிறது என்றாவது பாருங்கள்

அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கு இந்நேரம் அந்த நாற்பது நொடித் துண்டை யாராவது அனுப்பியிருப்பார்கள். கடல் வழியாக நடக்கும் போதைப்பொருள் கடத்தலுக்கு வாசலே தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் அகதிகள் வசிக்கும் இந்த முகாம்கள்தான், முகாம்களை மூடிவிட்டால் கடத்தல் தானாக நின்றுவிடும் என்கிறார் அந்த மனிதர். நெறியாளர் தலையாட்டுகிறார். எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர்கூட "எந்த முகாம், எந்த வழக்கு?" என்று கேட்கவில்லை. அத்துடன் விளம்பர இடைவேளை.

அந்த மனிதர் பேசியதற்காக மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். "உண்மையைச் சொல்ல ஒருவராவது இருக்கிறாரே" என்று எழுதி அந்தத் துண்டைப் பகிர்ந்தவன், என்னோடு மூன்று வருடம் பி.காம். படித்தவன். எங்கள் முகாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். இடியப்பத்துக்குச் சொதி போதவில்லை என்று என் அம்மாவிடம் உரிமையோடு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டவன். இந்தப் பதிவு அவனுக்கு. மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் திசையைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சா இலங்கையிலிருந்து இங்கே வருவதில்லை. இங்கிருந்துதான் அங்கே போகிறது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, லாரியிலும் காரிலும் ஏறி, நாகப்பட்டினம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளுக்கு வந்து, இரவோடு இரவாக ஃபைபர் படகில் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறது. நாளிதழைத் தினமும் புரட்டுகிறவர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல. பீடி இலை மூட்டை போகிறது. அங்கே இறக்குமதிக்குத் தடை வந்ததும் மஞ்சள் போனது. கடல் அட்டை போகிறது. அதைப் பிடிப்பதற்கே இங்கே 2001 முதல் தடை. அங்கிருந்து இங்கே வருவது தங்கம். 2023 ஜூன் தொடக்கத்தில் மண்டபம் பக்கத்துக் கடலில் இரண்டு படகுகளை மடக்கிப் பிடித்த தங்கம் மட்டும் 32 கிலோவுக்கு மேல். அதில் ஒரு பகுதியைக் கடத்தியவர்கள் கடலில் வீசிவிட, முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்தார்கள்.

இதை நடத்த முதல் போட ஆள் வேண்டும், படகு வேண்டும், சரக்கை ஒளித்துவைக்கக் கிடங்கு வேண்டும், அக்கரையில் வாங்க ஆள் வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையில் ஐந்து பேர் படுத்துறங்கி, வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வந்து தலை எண்ணும் நாளில் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவன், 32 கிலோ தங்கத்துக்கு எங்கே போவான்? எங்கள் ஆண்களில் பெரும்பாலோர் பார்ப்பது பெயிண்ட் அடிக்கும் வேலை. என் அப்பா இருபத்தாறு வருடம் அடித்தார். அவர் நகக்கண்ணில் இருந்த வெள்ளை கடைசிவரை போகவில்லை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது எங்கள் முகாம். அப்பா மறுபடி கடலைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் பிடிபட்ட ஹெராயின் 2,988 கிலோ. ஆப்கானிஸ்தானில் கிளம்பி, ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, டால்க் கல் என்று எழுதிய இரண்டு கன்டெய்னர்களில் வந்தது. முறையான துறைமுகம், முறையான சரக்குப் பட்டியல், பதிவுபெற்ற நிறுவனத்தின் பெயர், எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு யாராவது தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இறக்குமதி செய்கிறவர்கள் எல்லோரும் கடத்தல்காரர்கள், துறைமுகங்களை மூடுங்கள் என்று சொன்னார்களா? சொல்லவில்லை. சொல்லக் கூடாது. வழக்குப் போட்டார்கள், ஆட்களைத் தேடிப் பிடித்தார்கள். அந்த நியாயம் எங்களுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சரக்கையும் ஆளையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

மன்னார்ப் பக்கம் பேசாலையில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் போன மாதம் பேசினான். அவன் மகனுக்குப் பதினாறு வயது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடையே கஞ்சா வந்துவிட்டது, ஐஸ் என்கிற போதைப்பொருள் வந்துவிட்டது என்று புலம்பினான். இங்கிருந்து போகிற சரக்குக்கு அங்கே பெயர் என்ன தெரியுமா? "கேரளக் கஞ்சா." இலங்கைப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. "உங்கள் பக்கத்திலிருந்து ஏன் இதை அனுப்புகிறீர்கள்?" என்று அவன் என்னைக் கேட்டான். என்னை! அவனுக்கு நான் இந்தியாக்காரன். இங்கே நான் சிலோன்காரன். ஒரே மூட்டைக் கஞ்சாவுக்கு இரண்டு கரையிலும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா வந்த கதையைச் சொல்கிறேன். 1990 ஆகஸ்ட். அப்பா, அம்மா, எட்டு மாத அக்கா. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் முப்பது கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் கப்பல் டிக்கெட் எடுத்து மக்கள் போய்வந்த தூரம். அம்மா வந்தது வள்ளத்தில், இருபத்துமூன்று பேரோடு, ராத்திரியில். குழந்தை அழுதால் கடற்படைக்குக் கேட்டுவிடும் என்று அக்காவுக்கு இருமல் மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள். விடியற்காலையில் மணலில் இறங்கியதும் சீருடையில் இருந்த ஒருவர் பையைப் பிரித்தார். இரண்டு சேலை, தேவாலயத்தில் கொடுத்த திருமணப் பத்திரம், இடியப்ப உரல், பாதி தீர்ந்த பால்மா டின். வெள்ளைத் தூளைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம். டின்னைக் கவிழ்த்து மணலில் விரித்த செய்தித்தாளில் கொட்டி, விரலால் கிளறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஒரு வாரம் அக்கா குடித்த பாலில் மணல் நறநறத்தது. அம்மா தன் சேலைத் தலைப்பில் வடிகட்டி வடிகட்டிக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சீருடைக்காரர் மேல் அம்மாவுக்குக் கோபம் கிடையாது. அவர் வேலையை அவர் செய்தார் என்பார். எனக்கும் கோபம் இல்லை. சோதனை போட்டார், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் விட்டார். விவாதத்தில் பேசிய மனிதர் முப்பத்தைந்து வருடம் கழித்தும் அந்த டின்னைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனி மறுமொழியில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "திருச்சி சிறப்பு முகாமில் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) கைது செய்ததே, அது என்ன?" ஆமாம், கைது செய்தார்கள். 2022 டிசம்பரில், ஒன்பது பேர், போதைப்பொருள் வழக்கு. மறைக்கவில்லை. ஆனால் சிறப்பு முகாம் என்பது வழக்கில் சிக்கிய வெளிநாட்டவர்களை அடைத்துவைத்திருக்கும் இடம். சுற்றிலும் காவல் நிற்கும். பெயரில் முகாம் என்ற சொல் இருக்கிறது என்பதற்காக அதையும், குடும்பங்கள் வசித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வருகிற மறுவாழ்வு முகாமையும் ஒன்றாக்குவது அறியாமை. அறிந்தே செய்தால் அதைவிட மோசம். "2021 மார்ச்சில் கேரளத்தின் விழிஞ்ஞம் பக்கம் 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏ.கே.47 துப்பாக்கிகளும் பிடிபட்டனவே?" அவை அரபிக் கடலில், இலங்கை மீன்பிடிப் படகில் பிடிபட்டவை. இதில் எங்கள் முகாம் எங்கே வந்தது?

ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரோ தோண்டி எடுத்துப் போடுவதற்கு முன். எங்கள் முகாமிலிருந்தும் ஒருவன் சிறைக்குப் போனான். கஞ்சா ஏற்றிய காரை ஓட்டியவன். இருபது கிலோவைத் தாண்டினால் சட்டத்தில் வணிக அளவு, பத்து வருடத்துக்குக் குறையாத தண்டனை. வண்டியில் என்ன இருந்தது என்று என் மகனுக்குத் தெரியாது என்கிறார் அவன் அம்மா. அவனுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவனுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் அதே வழக்கில் இன்னும் மூன்று பேர் உண்டு, மூவரும் இந்த மண்ணின் குடிமக்கள். அவர்கள் தெருவுக்குப் போய், எல்லா ஆண்களையும் வெளியே வரச் சொல்லி யாரும் வரிசையில் நிறுத்தவில்லை. எங்கள் முகாமில் இரண்டு இரவு நிறுத்தினார்கள். அப்பாவுக்கு அப்போது நெஞ்சுவலி வந்துபோன நேரம். நாற்காலி கேட்டேன். கொடுக்கவில்லை.

எல்லையைக் காக்க வேண்டாம் என்கிறாயா என்று கேட்பார்கள். நன்றாகக் காக்க வேண்டும். உங்களைவிட எங்களுக்குத்தான் அதில் அக்கறை அதிகம். ஒவ்வொரு மூட்டை பிடிபடும்போதும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலம் இது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு ஆளும் படகும் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆந்திராவிலிருந்து கரை வரைக்கும் இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டிச் சரக்கு எப்படி வருகிறது என்று கேளுங்கள். முதல் போடுகிறவன் ஏன் பிடிபடுவதில்லை, படகோட்டியும் காரோட்டியும் மட்டும் ஏன் பிடிபடுகிறார்கள் என்று கேளுங்கள். நெறியாளர் இதில் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

2022 மார்ச் 22 நினைவிருக்கிறதா? இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கி, அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று முடியாமல் அன்று 16 பேர் வந்து இறங்கினார்கள். பிறகு வந்தவர்களில் சிலரைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு முன்னால் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். சுற்றிலும் கடல், குடிக்கத் தண்ணீர் கிடையாது, கைக்குழந்தைகள். கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் போய் மீட்டு வந்தது. அந்த வீரர்களை நான் மனதார வணங்குகிறேன். எல்லையைக் காக்கிறவர்கள் அவர்கள்தான். திட்டில் கிடந்தவர்களையும் கடத்தல்காரனையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஏ.சி. அறையில் இருந்தவர்களால் முடியவில்லை.

"போர்தான் 2009-இலேயே முடிந்துவிட்டதே, திரும்பிப் போக வேண்டியதுதானே?" சிலர் போனார்கள். எங்களுக்கு அங்கே வீடு இல்லை. எனக்கு அங்கே ஒரு நாள்கூட இல்லை. நான் 1992-இல் இந்த மண்ணில், அரசு மருத்துவமனையில் பிறந்தேன். என் நாக்கில் உள்ள தமிழே பாதி இந்த மாவட்டத்துத் தமிழ். திரும்பிப் போ என்றால், புறப்பட்ட இடம் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் அதைக் காட்டித்தான் நீதிமன்றத்தில் போராடி பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தப் படத்தை அம்மா என் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த மை வைத்த விரலை. நான் ஐந்து வருடம் பிந்திப் பிறந்துவிட்டேன். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான் இருக்கிறது, வங்கதேசம் இருக்கிறது, ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. இந்துக்கள் என்றார்கள், கிறித்தவர்கள் என்றார்கள்; எங்கள் முகாமில் கோயிலும் இருக்கிறது, மாதா கெபியும் இருக்கிறது. நாங்கள் எந்தக் கணக்கில் விடுபட்டோம்? 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, வெளிநாட்டவர் பற்றிய புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. நிம்மதிதான், மறுக்கவில்லை. தமிழக அரசு 2021-இல் புதிய வீடுகள் கட்டித்தர அறிவித்ததும், அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும் பெரிய காரியங்கள். அதற்கும் நன்றி. ஆனால் சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் ஆள் என்பது வேறு.

இந்தியா தர்மசாலை அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி சொன்னதை எடுத்து வராதீர்கள், தயவுசெய்து. அன்று அந்தச் செய்தி ஓடியபோது அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். தேய்த்து முடித்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்துச் சாப்பிட்டவரை ஓசிச் சோறு சாப்பிட்டவர் என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. தர்மசாலையில் யாரும் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டுச் சுவரில் என் அப்பாவின் கை பட்டிருக்கிறது என்று எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது. உன் வீட்டுச் சுவரிலும் பட்டிருக்கிறது. உன் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் அடித்த அந்த இளம்பச்சை அவர் கலந்த நிறம். உன் அப்பா கூலியோடு வேட்டி ஒன்றும் கொடுத்தனுப்பினார்.

அந்தத் துண்டை எடுத்துவிடு என்று உன்னிடம் தனியாகக் கேட்க மனம் வரவில்லை. எல்லோர் முன்னாலும் பகிர்ந்தாய், எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். எங்கள் வீட்டில் எந்த மூலையில் அந்த வாசல் இருந்தது? நீ வந்து உட்கார்ந்த வீடுதானே. சொல்.

சனிக்கிழமை எங்களுக்குச் செக்கிங், அந்தத் தலை எண்ணும் நாள். அன்றைக்கே அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆள் இல்லை என்று பதிவை வெட்டிவிடாமல் இருக்க, மருத்துவமனைச் சீட்டின் நகலோடு முன்கூட்டியே போய்ச் சொல்லிவைக்க வேண்டும். இப்போது அதற்குத்தான் கிளம்புகிறேன். மறுமொழிகளுக்கு இரவு வந்து பதில் எழுதுகிறேன்.