பரீட்சை நோயாளியின் மொழியில் இருக்கட்டும்

கேரள எல்லையில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் பாலக்காடு, இன்னொரு நாள் பொள்ளாச்சி, பெரிய வியாதி என்றால் கோயம்புத்தூர். நர்சுகளும் எங்களைப் போலவே வாளையாறு எல்லை தாண்டி வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். அதற்கு அந்தந்த மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். சான்றிதழ் கேட்பார்கள், கட்டணம் கேட்பார்கள், தடையில்லாச் சான்று கேட்பார்கள். நோயாளியின் மொழி பேசத் தெரியுமா என்று கேட்க மாட்டார்கள்.

இதே பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போவதென்றால் கதையே வேறு. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான கேரள அரசு நிறுவனம் நோர்கா ரூட்ஸ், ஜெர்மன் அமைப்புகளோடு சேர்ந்து நடத்தும் டிரிபிள் வின் திட்டத்தில் பி1 என்கிற இடைநிலை வரை ஜெர்மன் மொழியை இங்கேயே இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே போய் அதற்கு அடுத்த நிலையான பி2 முடிக்க வேண்டும். ஜெர்மன் பாட்டிக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை எங்கள் சித்தூர் தாலுகா பாட்டிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் பெரியம்மாவை ஓர் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்த அன்று பக்கத்தில் இருந்தேன். இன்சுலினைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும் என்று அந்த நர்ஸ் வேகமான மலையாளத்தில் சொன்னார். "மனசிலாயோ அம்மே?" (புரிந்ததா அம்மா?) என்றார். பெரியம்மா "ஆங் சிஸ்டர்" என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஊசியைத் தேடுகிறார். புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். படித்த பிள்ளையிடம் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கிற தலைமுறை அது. அந்த நர்சையும் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஆளாக வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, அப்படியானால் மாநில மொழியில் பரீட்சை வைத்து, தேறினால்தான் லைசென்ஸ் என்று சட்டம் போடலாமா? கூடாது. கேரளத்திலேயே தேவிகுளம் தாலுகாவின் தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், பேசுவது தமிழ். அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களில் பெரும்பாலும் இருளர் மொழி. மலையாளப் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கினாலும் அங்கே பாதி வேலை நடக்காது. தமிழ்நாட்டில் அரசு வேலைக்குத் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளின் வேலைவாய்ப்புக்கு அது நல்லதுதான். ஆனால் எழுத்துத் தேர்வில் தேறுவது வேறு, நெஞ்சுவலி என்று வந்தவர் உளறுவதைப் பிடித்துக்கொள்வது வேறு.

தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் 2023இல் வந்துவிட்டது, தேசியப் பதிவேட்டுக்கும் அதில் வழி இருக்கிறது. பதிவு நாடு முழுவதற்கும் பொதுவாக இருக்கட்டும். மொழியை வேலை பார்க்கும் இடத்தோடு கட்டுங்கள். கனடாவின் கியூபெக்கில் 1977 சட்டப்படி நர்சுக்கு பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் மொழி கற்கும்வரை வேலை பார்க்கத் தற்காலிக அனுமதி உண்டு. இங்கேயும் வேலையில் சேர்ந்து ஆறு மாதத்துக்குள் பேச்சுத் தேர்வு வைக்கலாம். வலியைப் பற்றி விசாரிக்க வேண்டும், மருந்தை விளக்க வேண்டும், கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கான மொழி வகுப்பு டூட்டி நேரத்தில், நிர்வாகத்தின் செலவில்.

கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினரான நாங்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதவும், பதிலைத் தமிழில் வாங்கவும் உரிமை தந்தது. அந்த உரிமை மருந்துச் சீட்டுக்கும் வேண்டும். எல்லையோரத் தாலுகா ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு ஷிப்டிலும், முக்கியமாக நைட் டூட்டியில், தமிழ் பேசும் ஒரு நர்சாவது இருக்க வேண்டும் என்று அரசு முதலில் உத்தரவு போடட்டும்.