பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும் ஆண்களுக்கு

ஆண்குறியில் வரும் பூஞ்சைத் தொற்றைப் பற்றி ஆண்கள் நெருங்கிய நண்பர்களிடம்கூட வாய் திறப்பதில்லை. மருந்துக் கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, “அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்கள்” என்று தணிந்த குரலில் கேட்டு வாங்குவதோடு பலருடைய சிகிச்சை முடிந்துவிடுகிறது. ஒருமுறை வந்து போகும் தொற்றுக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் ஆறாமலோ, ஆறிய வேகத்தில் மறுபடியும் தலைதூக்கிக்கொண்டோ இருக்கும்போதும் ட்யூபை மட்டும் மாற்றிக்கொண்டே போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்து எந்த க்ரீம் என்று தேடுவதற்கு முன், இது ஏன் போகவில்லை என்று கேட்டே ஆக வேண்டும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நலமாக இருப்பவர்களின் உடலிலும் அது சத்தமில்லாமல் வாழ்கிறது. முன்தோலுக்கு அடியில் ஈரமும் வெப்பமும் சேர்ந்திருக்கும் இடத்தில் வாய்ப்புக் கிடைத்தால் பெருகிவிடுகிறது. மொட்டுப் பகுதி சிவந்து பளபளப்பது, சிறு பொரிகள், தயிர்த் திரி போன்ற வெண்படிவு, முன்தோல் விளிம்பில் மெல்லிய கீறல்கள், அந்தக் கீறல்களில் சிறுநீர் பட்டதும் சுரீரென்ற எரிச்சல் ஆகியவை அடையாளங்கள். வழக்கமான சிகிச்சை எளிமையானது. 1% க்ளோட்ரிமசோல் அல்லது 2% மைகோனசோல் க்ரீமை நாளுக்கு இருமுறை, 7 முதல் 14 நாட்கள்வரை பூச வேண்டும். தீவிரமாக இருந்தால் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் மாத்திரையை ஒரே வேளையாக மருத்துவர் தருவார். அரிப்பு நின்றதுமே க்ரீமை நிறுத்திவிடுவதால் திரும்பி வரும் தொற்றும் உண்டு என்பதால், முழு நாட்களும் பூசினோமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழுமையாகப் பூசியும் திரும்பி வருகிறதென்றால், எல்லாவற்றுக்கும் முன்னால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத ஒருவருக்கு அதன் முதல் அறிகுறியாக இந்தத் தொற்று வெளிப்படுவதுண்டு. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அளவு 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது சர்க்கரை நோயைக் குறிக்கும். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மாத்திரையின் பெயரையும் பார்க்க வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவை இரத்தத்தில் மிகுதியாக உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. முன்தோலுக்கு அடியில் தங்கும் ஓரிரு சொட்டுச் சிறுநீரே பூஞ்சைக்கு உணவாகிவிடுகிறது. இம்மருந்துகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பெரும் நன்மை செய்பவை என்பதால் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால், மருந்தை எழுதித் தரும் மருத்துவர் இந்தப் பக்கவிளைவைக் கூச்சமின்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் வீணாகக் குழம்பித் தவித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைப் பற்றி நினைக்கும்போதுதான். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வலுவான ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூசினால் சிவப்பும் அரிப்பும் விரைவில் அடங்கும், பூசியவருக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அது அடக்குவது அழற்சியை மட்டுமல்ல, தொற்றை எதிர்க்கும் தோலின் வலிமையையும்தான். தொடர்ந்து பூசினால் அந்த மென்மையான தோல் மேலும் மெலிந்து, நிறுத்தியதும் எரிச்சல் முன்பைவிட அதிகமாகத் திரும்பும். அழற்சி மிகுந்திருக்கும்போது பூஞ்சை மருந்தோடு லேசான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாட்களுக்கு மருத்துவர் சேர்த்துத் தருவது வேறு. பெயர் தெரியாத கலவையை நாமே மாதக்கணக்கில் பூசிக்கொள்வது வேறு.

இன்னொரு கேள்வியும் உண்டு: இது பூஞ்சைதானா? சோப்பாலும் கிருமிநாசினியாலும் நாளுக்குப் பலமுறை கழுவுவதாலேயே அந்த இடம் புண்ணாகிச் சிவந்திருக்கலாம்; அப்படியானால் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரமின்றித் துடைப்பதே பெரிய மருந்து. சொரியாசிஸ், தோல் வெளுத்து இறுகும் லைக்கன் ஸ்க்ளீரோசஸ், சில பால்வினை நோய்கள் ஆகியவையும் இதே போலத் தோன்றும். ஆறாத சிவந்த திட்டு, அரிதாக, புற்றுநோயின் தொடக்க நிலையாகவும் இருக்கக்கூடும் என்பதால், சந்தேகம் வந்தால் சிறிது தோலை எடுத்துப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பூஞ்சைதான் என்றாலும் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்ப்பது அவசியம். கேண்டிடா க்ளாப்ரேட்டா போன்ற இனங்கள் ஃப்ளூகோனசோலுக்கு எளிதில் அடங்குவதில்லை. அப்போது நிஸ்டாட்டின் போன்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும்.

துணைவிக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெறுவது நல்லது. இத்தகைய க்ரீம்களில் பல ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எல்லாம் செய்தும் ஓயாமல் வந்து, முன்தோல் இறுகிப் பின்னுக்குத் தள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்டால், முன்தோலை அகற்றும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யூராலஜி மருத்துவரிடம் பேசத் தயங்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இதுவரை பூசிய ட்யூப்கள் அனைத்தையும், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், சர்க்கரையைக் குறைக்கும் க்ளிமிபிரைட் போன்றவற்றோடு ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் அவற்றின் வீரியம் ஆபத்தான அளவுக்குக் கூடிவிடலாம். மாதிரி எடுக்கப்போகிறார்கள் என்றால், அதற்கு எத்தனை நாட்கள் முன்பு க்ரீமை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூசிய மருந்தின் மிச்சம் பூஞ்சையை மறைத்து, பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டிவிடக்கூடும்.