பட் பவலை வீழ்த்தியது போதை மட்டும்தானா?
போதையும் குடியும்தான் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பட் பவலைத் தின்று தீர்த்தன என்று அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு இது ஒப்பவில்லை. 1945 ஜனவரியில் பிலடெல்பியாவில் போலீசார் அவரைத் தலையில் அடித்தபோது அந்தப் பியானோ கலைஞருக்கு வயது 20. தலைவலி அதன் பிறகுதான் தொடங்கியது. 1947 இறுதியில் நியூயார்க்கின் கிரீட்மோர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஏறத்தாழ ஒரு வருடம் கிடந்தார். மின் அதிர்ச்சி சிகிச்சையும் கொடுத்தார்கள். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு மதுப் புட்டியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அந்தப் போலீசாருக்குச் செய்கிற உபகாரம். குடி கெடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, கொஞ்சம் உள்ளே போனாலே நிலைகுலைந்துவிடுவாராம். ஆனால் அவருடைய உச்சம் அந்த மருத்துவமனைக்குப் பிறகுதானே வந்தது! 1949, 1951 ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள்: வலது கை சாக்ஸபோன் போல மூச்சுவிட்டு நீளமாக ஓடும், இடது கை அங்கங்கே இரண்டு மூன்று சுரங்களைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 1953 மே மாதம் டொரண்டோவின் மாஸி ஹாலில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்ல்ஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஆகிய ஜாஸ் மேதைகளுக்கு ஈடுகொடுத்து வாசித்தவரை அதற்குள் ‘முடிந்துபோனவர்’ என்று கட்டுரையாளருக்கு எப்படி எழுத மனம் வந்தது? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், பாரிஸுக்குப் போனதுதான் அவர் அழிவுக்குக் காரணம் என்கிறார். நேர்மாறு. 1959இல் அங்கு போனவரைப் பின்னர் பிரான்சிஸ் போத்ரா என்ற ரசிகர் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1963இல் காசநோய் கண்டபோதும் கைவிடவில்லை. 1964இல் நியூயார்க் திரும்பிய பிறகுதான் கடைசிச் சரிவு, 1966 ஜூலையில் 41 வயதில் இறந்தார். பாரிஸ் ஆண்டுகளுக்குக் கட்டுரையாளர் இரண்டு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.