ஆர்ஓ மெஷின் சுவரில் தொங்கும் பெட்டியோடு முடிவதில்லை

ஒரு பொருள் பழுதானால் "எந்த பார்ட் போச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறோம். மெக்கானிக்கும் அப்படித்தான் பார்க்கிறார், இன்ஜினியரிங் கல்லூரியும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது. இயந்திர வடிவமைப்பே தொழிலாக இருக்கும் எனக்கு இதில் நிஜமான வருத்தம் உண்டு. உதிரிபாகங்களாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டால், ஒரு பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது கடைசிவரை பிடிபடாது. சென்னையில் சமையலறைக்குச் சமையலறை தொங்கும் ஆர்ஓ மெஷினை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. மண், தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர். குளோரினை எடுக்கும் கார்பன் ஃபில்டர். தண்ணீரைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு. அடாப்டர் தரும் 24 வோல்ட்டில் ஓடும் சின்ன பம்ப். உப்பைப் பிரிக்கும் மெம்ப்ரேன். கழிவுநீர்க் குழாயில் பாய்ச்சலைக் கட்டுப்படுத்த விரல் நீளத்துக்கு ஒரு ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர். தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச். ரிச்சி தெருவுக்குப் போனால் மின்சாமான்களில் பாதி கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிறவருக்கு மெஷின் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

1970களில் ஜெர்மானியப் பேராசிரியர்கள் கெர்ஹார்ட் பால், வொல்ஃப்காங் பைட்ஸ் இருவரும் வடிவமைப்பைக் கற்பிக்க ஒரு வழியைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். எந்த இயந்திரமானாலும் அதற்குள் பாய்வது மூன்றுதான்: ஆற்றல், பொருள், சமிக்ஞை. இந்த மூன்றும் எப்படி உள்ளே வருகின்றன, என்னவாக மாறி வெளியே போகின்றன என்பதை முதலில் வரை. பாகத்தைப் பற்றி அப்புறம் யோசி. இவ்வளவு எளிமையான விஷயம் நம் வகுப்பறைகளில் ஏன் ஓரமாகவே கிடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆர்ஓவை அப்படிப் பாருங்கள். உள்ளே வருவது உப்புத் தண்ணீர். வெளியே போவது இரண்டு: குடிக்கிற தண்ணீர் ஒன்று, மிச்ச உப்பையெல்லாம் சுமந்து போகும் தண்ணீர் இன்னொன்று. ஆற்றல் பிளக்கிலிருந்து அடாப்டர், அங்கிருந்து பம்ப், அங்கே அழுத்தமாக மாறி மெம்ப்ரேனுக்குப் போகிறது. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு இருந்தால், சவ்வூடு பரவலை, அதாவது நல்ல தண்ணீர் தானாகவே உப்புப் பக்கம் போகப் பார்ப்பதை, எதிர்த்து நிற்பதற்கே சுமார் 0.7 பார் அழுத்தம் வேண்டும். அதற்கு மேல் கொடுப்பதுதான் தண்ணீரை மறுபக்கம் தள்ளும். சமிக்ஞை, தொட்டி நிறைந்ததும் மிதவை சுவிட்ச் சொல்லும் 'போதும்', உள்வரும் தண்ணீரில் அழுத்தம் இல்லாவிட்டால் லோ பிரஷர் சுவிட்ச் சொல்லும் 'ஓடாதே'.

இந்தப் படம் மனதில் இருந்தால் பழுதுகள் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். மடிப்பாக்கத்தில் நண்பர் ஒருவரின் வீடு மேல்மாடி. மெஷின் அடிக்கடி நின்றுவிடும். சர்வீஸுக்கு வந்த தம்பி அடாப்டரை மாற்றினார், அடுத்து பம்பை மாற்றினார், கடைசியில் "மெஷின் பழசாயிடுச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்றார். அதே மாடல் தரைத்தளத்து வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மேல்மாடிக்காரருக்கு மொட்டைமாடித் தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது. அவர் குழாய்க்குக் கிடைப்பது 0.2, 0.3 பார்தான். செடிமென்ட் ஃபில்டர் கொஞ்சம் அடைத்துக்கொண்டால் அதுவும் போச்சு, சுவிட்ச் 'ஓடாதே' என்கிறது. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்தது. கோளாறு இருந்தது கட்டடத்தின் உயரத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவில். அந்தத் தம்பியைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்குக் கொடுத்த பயிற்சி அப்படி.

மெம்ப்ரேன் கதையும் இதேதான். வீடுகளில் பெரும்பாலும் வருவது பாலிஅமைடு மெம்ப்ரேன், அதற்குக் குளோரின் ஆகாது. மெட்ரோ வாட்டரில் குளோரின் கலந்துதான் வரும். கார்பன் ஃபில்டரைக் காலத்தில் மாற்றாமல் விட்டால், சாவது கார்பன் ஃபில்டர் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் விலை உயர்ந்த மெம்ப்ரேன். அதை மட்டும் மாற்றினால் புதியதற்கும் அதே கதிதான்.

இன்னொன்று நல்ல மனசோடு செய்யப்படுவது. தண்ணீர் வீணாகிறதே என்று கழிவுக் குழாயை கிளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள். வெளியேற வேண்டிய உப்புக்குப் போக்கிடம் இல்லை, மெம்ப்ரேன் மேலேயே படிந்துவிடும். கழிவு என்று நாம் பெயர் வைத்த அந்தப் பாய்ச்சல்தான் மெம்ப்ரேனைக் கழுவிக்கொண்டே இருக்கிறது.

இப்போது எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம். சிஸ்டம் என்பது பெட்டியோடு நிற்கிறது என்று யார் முடிவு செய்தது? சென்னைக்குத் தெற்கே கடற்கரையோர நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் கொள்ளளவில் இரண்டாவதும் திறக்கப்பட்டது. அங்கேயும் ஆர்ஓதான். கடல்நீரில் லிட்டருக்கு 35 ஆயிரம் மில்லிகிராம் அளவுக்கு உப்பு என்பதால், 55 பாருக்கு மேல் அழுத்தம் கொடுத்து, அத்தனை மின்சாரத்தைச் செலவழித்து நல்ல தண்ணீராக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் அடுக்ககத்தின் சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்கு, வருகிறது. அதே சம்ப்பில் போர் தண்ணியும் விழுகிறது, கோடையில் லாரித் தண்ணியும் விழுகிறது. மோட்டார் போட்டு மேலே ஏற்றி, வீட்டுக்கு வீடு மறுபடியும் ஆர்ஓ போட்டு உப்பை எடுத்து, ஒரு பங்கைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். ஒரே வேலைக்கு இரண்டு தடவை ஆற்றல் செலவாகிறது. நெம்மேலிக்காரர் தன் எல்லைக்குள் சரியாகச் செய்தார், மெஷின் செய்தவரும் தன் எல்லைக்குள் சரியாகச் செய்தார். நடுவில் இருக்கும் சம்ப் யாருடைய வரைபடத்திலும் இல்லை.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. ஆர்ஓ தேவையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சென்னையில் அதற்கான பதில் மெஷினில் கிடைக்காது, சம்ப்பில்தான் கிடைக்கும். மெட்ரோ வாட்டருக்குத் தனி சம்ப், தனிக் குழாய் என்று வைத்திருக்கும் பழைய வீடுகளை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். அந்த வீடுகளைக் கட்டிய மேஸ்திரிகளுக்கு சிஸ்டம் புரிந்திருந்தது என்றே சொல்வேன்.

எல்லையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரம்பூரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1955இல் தொடங்கிய ஐசிஎஃப் முக்கியமாக ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலை. தொலைதூர ரயில் என்றால் இன்ஜின் வேறு ஊரில் செய்து வரும், முன்னால் கோர்த்துக்கொள்வார்கள். 2018இல் அங்கே உருவான 'ட்ரெய்ன் 18', பின்னாளில் வந்தே பாரத், தனி இன்ஜின் இல்லாத ரயில். 16 பெட்டிகளில் பாதிக்கு அடியிலேயே மோட்டார். இழுவையையும் பிரேக்கையும் கதவையும் ஏசியையும் இனித் தனித்தனியாக யோசிக்க முடியாது. பெட்டி செய்தவர்கள் முழு ரயிலையும் ஒன்றாக யோசித்ததால்தான் அது ஓடியது. நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு பாடம் வேண்டுமா?

கல்லூரிகளில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பார்க்கக் கூப்பிடும்போதெல்லாம் போகிறேன். கணினியில் வரைந்த கேட் (CAD) மாடல் கண்ணைப் பறிக்கும். ஷாஃப்ட் விட்டம், பேரிங் எண், எல்லாம் டேட்டா புக் பார்த்துச் சரியாக எடுத்திருப்பார்கள். "இதை யார் துடைப்பாங்க? கரண்ட் போனா என்ன ஆகும்? கழிவு எங்க போகும்?" என்று கேட்டால் அமைதி. சூரிச்சில் பணியாற்றிய விளாடிமிர் ஹுப்கா, இயந்திரத்தோடு மனிதனையும் சுற்றுச்சூழலையும் சேர்த்தே வரையச் சொன்னார். ஒரு வேலை நடப்பதற்கு இயந்திரம் ஒரு காரணம்தான், தனிக் காரணம் இல்லை என்பது அவர் பார்வை. மாணவர்களைத் திட்டவில்லை. புத்திசாலிப் பிள்ளைகள். முதல் வருடத்திலேயே ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரு கட்டமும் உள்ளே போகிற அம்புக்குறிகளும் வெளியே வருகிற அம்புக்குறிகளும் வரையச் சொன்னால் போதும், பிரமாதமாகச் செய்வார்கள்.

கட்டட வரைபடம் போடுகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. இப்போதெல்லாம் புது ஃப்ளாட்டுகளில் ஏசி தண்ணீர் வடியத் தனிக் குழாய் விடுகிறீர்கள். ஆர்ஓ மாட்டும் இடமும் சமையலறையில் இதுதான் என்று வரைபடத்திலேயே தெரியும். அங்கிருந்து ஆர்ஓ கழிவுநீருக்கு ஒரு மெல்லிய குழாயைக் கழிவறை ஃப்ளஷுக்கான தொட்டிக்குக் கொண்டுபோக, சுவர் எழுப்பும்போது ஆகும் செலவு சொற்பம். குடிவந்த பிறகு டைல்ஸை உடைத்து யாரும் செய்யப்போவதில்லை. அடுத்த வரைபடத்திலாவது அந்தக் கோட்டைப் போடுங்கள்.