நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள்

போலீஸ் நோட்டீஸ் வந்தாலே கைதுதான் என்பது தவறான பயம் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் சொன்னது உண்மை. வியாசர்பாடியில் என் தம்பிக்கு ஒரு வாடகைத் தகராறில் வந்தது. விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ்: பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)வது பிரிவு, பழைய சட்டத்தின் 41ஏதான் அது. சொன்ன தேதியில் போய் ஒத்துழைத்தால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. இவனோ முதலில் செல்போனை அணைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பப் பார்த்தான்!

அந்தக் கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: நோட்டீஸை வாங்கியதற்குக் கையெழுத்து போடலாம். ஆனால் விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் நம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அதே புதிய சட்டத்தின் 181வது பிரிவே சொல்கிறது. வெற்றுத்தாள் என்றால் சொல்லவே வேண்டாம், கையெழுத்து போடவே கூடாது. அப்புறம், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவச சட்ட உதவி எண்ணான 15100க்கு அழைத்தால் போதும். சென்னை ஐகோர்ட் வளாகத்திலேயே இந்த உதவியைத் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.