பூச்சி மாத்திரை போட்டா விளையாடக் கூடாதா?
நெட்ல ஒருத்தர், ஸ்கூல்ல பூச்சி மாத்திரை போட்ட புள்ளைங்கள ஒரு வாரத்துக்கு ஓட்டம், கபடின்னு எதுக்கும் விடக்கூடாதுன்னு போட்டிருக்காரு, நம்ம கடலூர் பக்கம் நெறைய பேரு அத ஷேரும் பண்றாங்க. அப்படி ஒரு ரூல் கிடையாதுங்க. அந்த மாத்திரை அல்பெண்டசோல்ங்கற குடற்புழு மருந்து, 2 வயசுக்கு மேல 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. வயித்துல புழு அதிகமா இருக்கற புள்ளைக்கு அன்னிக்கு லேசா வயித்து வலி, குமட்டல் வரலாம், அப்ப நெழல்ல படுக்க வெச்சு தண்ணி குடுப்பாங்க, அவ்ளோதான். உடம்பு சரியில்லாத புள்ளைக்கு அன்னிக்கு மாத்திரையே குடுக்கக் கூடாது (அதத்தான் யாரோ மாத்திச் சொல்லிட்டாங்க போல). டவுட்டுன்னா தேசிய குடற்புழு நீக்க நாளுக்கான வழிகாட்டிய நெட்ல தேடிப் படிங்க, இல்ல அரசு சுகாதார உதவி எண் 104-க்கு போன் போடுங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மாகிட்ட கேட்டாலும் சொல்லிடுவாங்க.