ஃபீஸுக்கு முழு வரிக்கழிவு கேட்கிற நண்பர்களுக்கு

ஜனவரி வந்து ஆபீஸ்ல இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் கேட்க ஆரம்பிச்சா, இந்தப் பேச்சும் தவறாம வந்துடும். "என் பிள்ளை அரசுப் பள்ளிக்கே போகலை, அந்தச் செலவுக்கு நான் ஏன் வரி கட்டணும்? நான் கட்டுற ஃபீஸ் முழுசையும் கழிச்சுக்க விடட்டும்." என் பெண்ணும் தனியார் பள்ளிதான். இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரலை.

சலுகையே இல்லைங்கிறது முதல்ல உண்மையில்ல. பழைய வரி முறையில 80சின்னு நாம சொல்ற கழிவு இருக்கு. ரெண்டு பிள்ளைங்க டியூஷன் ஃபீஸை பிஎஃப், எல்ஐசியோட சேர்த்து ஒன்றரை லட்சம் வரைக்கும் காட்டலாம். (வேன் ஃபீஸ், டொனேஷன் எல்லாம் செல்லாது. ரசீதைப் பிரிச்சு வாங்க அலைஞ்சவங்களுக்குத் தெரியும்.) 30 சதவீத ஸ்லாபுல இருக்கிறவருக்கு அந்த ஒன்றரை லட்சத்தால 46,800 ரூபாய் மிச்சம். அதே பள்ளியில வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டுற கொத்தனாருக்கு? அவர் வருமான வரி வளையத்துலயே இல்லை, அதனால பைசா கிடையாது. ஆனா அவர் செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணினா 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாம கட்டுற பள்ளி ஃபீஸுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. இதுல யார் வரியில யார் படிக்கிறாங்க?

2021ல கொரோனாவுல வருமானம் போனப்போ, தனியார் பள்ளியில டிசி வாங்கிட்டு எத்தனை குடும்பங்க அரசுப் பள்ளி வாசலுக்கு வந்துச்சுன்னு பார்த்தோம். அன்னைக்கு அந்தப் பள்ளி அங்க இருந்தது, அதுவரைக்கும் அதைப் பயன்படுத்தாதவங்க கட்டின வரியாலயும்தான்.

"தரம் இல்லையே"ம்பாங்க. பல இடத்துல நியாயமான புகார். ஈராசிரியர் தொடக்கப் பள்ளியைக் கிட்ட இருந்து பாருங்க: ஒரு டீச்சர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சின்னு போயிட்டா, இன்னொருத்தர் அஞ்சு வகுப்பையும் ஒரே ஹால்ல உட்கார வெச்சு, மூணாவதுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துட்டு ஒண்ணாவதுக்கு 'அ' எழுத வைக்கணும். நடுவுல எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறை இணையதளம்) விவரம் ஏத்துற வேலை வேற. 2019ல 2,381 அங்கன்வாடிகள்ல எல்கேஜி தொடங்கினாங்க, நல்ல யோசனை. ஆனா அதுக்குன்னு புதுசா ஆள் எடுக்காம, இருக்கிற இடைநிலை ஆசிரியர்களை அங்க அனுப்பினாங்க. இன்னொரு பக்கம் ஆர்டிஈ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குற 25 சதவீத இடங்களுக்காக அரசுப் பணம் தனியார் பள்ளிகளுக்குப் போயிட்டிருக்கு. தரம் எங்கிருந்து வரும்?

வரி கட்டுறவங்களா நமக்குக் கோபம் வரணும்னா, காரணம் வேற இருக்கு. நம்ம வருமான வரி மேல 4 சதவீதம் சுகாதாரம் மற்றும் கல்வி செஸ் பிடிக்கிறாங்களே, செஸ்ங்கிறது மத்திய அரசு போடுற கூடுதல் வரி, அதுல மாநிலத்துக்குப் பங்கு கிடையாது. அரசுப் பள்ளிகளை நடத்துறதோ பெரும்பாலும் மாநிலம். மத்திய அரசோட பிஎம்ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்துல சேர்றது பத்தின தகராறுல, 2024-25க்கான சமக்ர சிக்ஷா (மத்திய அரசோட பள்ளிக் கல்வித் திட்டம்) பணம் 2,152 கோடி வரலைன்னு தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஆசிரியர் சம்பளத்துல ஒரு பகுதியும் அந்தத் திட்டத்துலதான் இருக்கு.